தடவாதீர்கள், கையை வையுங்கள்

மகள் 31 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். சிசேரியன் முடிந்து மனைவி படுக்கையில் இருந்ததால், கோவை மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் முதலில் போனவன் நான்தான். பல்லடத்தில் தறி ஓட்டுகிற கை. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவியும் சொரசொரப்புப் போகவில்லை. இன்குபேட்டருக்குள் கைவிட்டு முதுகை வருடப் போனபோது செவிலியர் தடுத்தார். "தடவாதீர்கள் அண்ணா. ஒரு கையைத் தலையிலும் இன்னொன்றைப் பாதத்திலும் வைத்து அசையாமல் இருங்கள்."

காரணத்தை டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கருவில் முதலில் விழிப்பது தொடுவுணர்வு. ஆனால் குறைமாதக் குழந்தையின் மூளை, குதிகாலில் ஊசி குத்தினாலும் மெதுவாகத் தட்டினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பொங்கி எழும். 35 முதல் 37 வாரத்துக்குள்தான் இரண்டுக்கும் தனித்தனிப் பதில் வரத் தொடங்குகிறது. லண்டன் ஆய்வாளர்கள், மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. வைத்துப் பார்த்து 2011இல் வெளியிட்ட முடிவு இது. அதற்காக வலியே தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது என்றும் கண்டித்துச் சொன்னார். ரத்தம் எடுக்கும்போதெல்லாம் அவள் கைகால்களை மடக்கிப் பிடித்துக்கொள்வது என் வேலையானது.

பிறகு கங்காரு பராமரிப்பு, அதாவது குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் வைத்திருப்பது. இன்குபேட்டர் போதாத கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் பிறந்த முறை. நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சட்டையைத் திறந்து, டயப்பரோடும் குல்லாவோடும் அவளை நெஞ்சில் நிமிர்த்திக் கட்டிவிடுவார்கள். உட்காருவதற்கு முன் கழிப்பறைக்குப் போய்விடுங்கள். சாய்வு நாற்காலி கேட்டு வாங்குங்கள். "ஆம்பளைக்கு எதற்கு இந்த வேலை?" என்றார் அவளுடைய அப்புச்சி, என் மாமனார். மறுவாரமே அவரும் பிள்ளையைக் கேட்டு வாங்கினார்.

வீட்டில் என் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு காத்திருந்தார். மூக்கை நீவுவதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை; உடம்பை வருடுவதற்குத் தடை சொல்லவில்லை. மெதுவான வருடலுக்கென்றே தோலில் தனி நரம்பு இழைகள் உண்டு. விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகம் அவற்றுக்குப் பிடிக்கும். அம்மாவின் கை கணக்குப் பார்க்காமலே அந்த வேகத்தில்தான் போயிற்று.

திருத்திய வயது, அதாவது பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணும் வயது, ஆறு மாதமானதும் ஒரு விளையாட்டுச் சோதனை செய்தேன். கால்களைக் குறுக்காக வைத்து ஒரு பாதத்தைச் சீண்டினால், நான்கு மாதக் குழந்தைகள் பெரும்பாலும் சரியான காலையே ஆட்டுமாம்; ஆறு மாதத்தில் தடுமாறுமாம். தொட்ட இடத்தை வெளியுலகத்தோடு பொருத்தப் பழகுவதால் வரும் குழப்பம் அது. மகள் தவறான காலை ஆட்டினாள். அது ஒன்றையும் நிரூபிக்காது என்று தெரிந்தும் டாக்டருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.