ஆன்டிவைரஸை அணைத்த சனிக்கிழமை

12 நவம்பர் 2022, சனி

காலையிலிருந்து மழை. கடைக்கு ஆள் வரவில்லை, வேலை மட்டும் வந்து கிடக்கிறது. கார்த்திகை முகூர்த்தத்துக்கு நான்கு கல்யாணப் பத்திரிகை, ஒரு கும்பாபிஷேக நோட்டீஸ், ஒரு காதணி விழா ஃபிளக்ஸ்.

மூன்று மணிக்கு டிசைன் சாஃப்ட்வேர் மறுபடி தகராறு. ‘இது அசல் பிரதி அல்ல’ என்று ஒரு பெட்டி வந்தது. அதை மூடினால் சேவ் ஆகாது, பிரின்ட் போகாது. இந்த மாதத்தில் மூன்றாவது தடவை. அசலின் விலையையும் பார்த்தேன். ஒரு பத்திரிகை டைப் செட்டிங்குக்கு 300 ரூபாய் வாங்குகிறவன் பார்க்கக்கூடிய விலை இல்லை என்று மூடிவிட்டேன். (டீக்கும் வடைக்கும் ஒரு வருடத்தில் செலவழித்த கணக்கைப் போட்டால் வேறு விடை வரும். அந்தக் கணக்கைப் போடவில்லை.)

தேடி ஒரு புது பேட்ச் (காசு கட்டாமல் சாஃப்ட்வேரை ஓட்ட வைக்கும் கிராக்) இறக்கினேன். ஜிப்பைத் திறக்க பாஸ்வேர்ட் 1234. உள்ளே வழக்கமான குறிப்பு: ஆன்டிவைரஸை அணை, இன்ஸ்டால் செய், அனுபவி. அணைத்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் டிடிபி கடை வைத்திருக்கும் அண்ணன் குடையோடு வந்தார். அவருக்கும் அதே பெட்டி, அதே தலைவலி. அவர் பென்டிரைவில் பேட்சை காப்பி போட்டுக் கொடுத்தேன். டீ அவர் செலவு.

அவர் போனதும் ஓடவிட்டேன். கறுப்பு ஜன்னல் ஒன்று மின்னி மறைந்தது. பிறகு விண்டோஸ் அப்டேட் வந்து சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. அப்டேட் நடக்கும்போது நிறுத்தக் கூடாது என்று, நல்ல பிள்ளையாக அப்படியே விட்டுவிட்டு எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கினேன்.

13 நவம்பர், ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்றால் பையன் கடை கம்ப்யூட்டரில் கேம் விளையாடுவான். வீட்டு லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு இல்லை. பத்து மணிக்குச் சாவி வாங்கிக்கொண்டு போனவன் அரை மணியில் போன் செய்தான். “அப்பா, எல்லா ஐகானும் வெள்ளையா இருக்குப்பா.”

ஓடினேன். டெஸ்க்டாப், டி டிரைவ், பத்திரிகை ஃபோல்டர், போட்டோ எல்லாம் வெள்ளைத்தாள். ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் நான்கெழுத்து வால் ஒன்று முளைத்திருக்கிறது. ஃபோல்டருக்கு ஒன்றாக ‘ரீட்மீ’ என்று ஒரு நோட்பேட் கோப்பு. கோப்புகளைப் பூட்டிவிட்டோம், திறக்க 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை, 490. ஆடித் தள்ளுபடிபோல. நம் காசுக்கு ஏறத்தாழ 40 ஆயிரம்.

“திருட்டு கேம் போடாதேன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?” என்று பையனின் காதைத் திருகினேன். அவன் ஏதோ சொல்ல வந்தான். கேட்கவில்லை.

14 நவம்பர், திங்கள்

குழந்தைகள் தினம். பள்ளியில் கொடுத்த மிட்டாயை எப்போதும் எனக்குப் பாதி தருவான். இன்று முழுவதையும் அவனே தின்றான்.

சர்வீஸ் தம்பி வந்தார். வந்ததும் நெட் கேபிளைப் பிடுங்கினார். பிறகு ஒரு கோப்பை வலது கிளிக் செய்து நேரத்தைப் பார்த்தார்.

“அண்ணே, சனிக்கிழமை ராத்திரி 7:42. அப்ப யாரு உக்காந்திருந்தா?”

நான்தான்.

“ஏதும் அப்டேட் மாதிரி ஓடுச்சா?”

ஓடியது. அது அப்டேட் இல்லையாம். உள்ளே பூட்டுகிற வேலை நடக்கும்போது, நாம் கையை வைக்காமல் இருக்கக் காட்டும் பொம்மைத் திரை. கோப்பைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற இந்த வகைக்கு ‘ஸ்டாப்’ என்றும் ‘டிஜேவியு’ என்றும் பெயர். 2018-இலிருந்து சுற்றுகிறது. பெரிய கம்பெனிகளைக் குறிவைக்கிற சாதி இல்லை. கிராக், கீஜென், ஆக்டிவேட்டர் தேடி அலைகிற என்னைப் போன்ற ஆட்களை நம்பித்தான் பிழைக்கிறது.

ஆன்டிவைரஸ் கம்பெனிகளின் தளங்களைத் திறந்து பார்க்க முடியாதபடி ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் (எந்தத் தளம் எங்கே என்று விண்டோஸ் பார்க்கிற பட்டியல்) கை வைத்திருக்கிறது. விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் பழைய நகல்களையும் அழித்துவிட்டது. என் பேக்கப் எங்கே என்று கேட்டார். டி டிரைவில் என்றேன். “அண்ணே, சியும் டியும் ஒரே டிஸ்க்தான். ஒரே வீட்ல ரெண்டு ரூம்.” அப்புறம் சிரித்துக்கொண்டே, “பூட்டுக்குப் பேர் போன ஊர்ல இருந்துக்கிட்டு, நீங்களே கதவத் திறந்து விட்டிருக்கீங்களே,” என்றார். சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் பையனிடம் மெதுவாகக் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை என்ன கேம் போட்டாய் என்று. யூரோ டிரக் சிமுலேட்டர். அதில் நம் ஊர் பஸ்ஸைச் சேர்த்துக்கொள்கிற ‘மாட்’ எல்லாம் இருக்கிறதாம், ஹாரனோடு. “அது காசு குடுத்து வாங்குனதுப்பா. தீபாவளிக்குச் சித்தப்பா குடுத்த காசு. அதத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன்.”

இந்தக் கடையில் காசு கொடுத்து வாங்கிய ஒரே சாஃப்ட்வேர் அவனுடையதுதான்.

ராத்திரி பத்து மணிக்குத் திடீரென்று பென்டிரைவ் ஞாபகம் வந்தது. பஸ் ஸ்டாண்டு அண்ணனுக்குப் போன் போட்டேன். கை நடுங்கியது. “இன்னும் சொருகவே இல்ல தம்பி, மழைன்னு ரெண்டு நாளா கடையே தொறக்கல,” என்றார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “சரி, அது போகட்டும். வேற நல்ல கிராக் எங்க கெடைக்கும்?” என்றார்.

15 நவம்பர், செவ்வாய்

இன்று இரவு 7:42-க்கு அரைவிலைச் சலுகை முடிந்தது. கட்டவில்லை. கட்டினால் சாவி வரும் என்று யார் உத்தரவாதம் தருவது?

பகலில் வீட்டு லேப்டாப்பில் உட்கார்ந்து இதைப் பற்றியே படித்தேன். எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் 2019 அக்டோபரில் இதன் 148 வகைகளுக்கான திறப்புக் கருவியை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. ஆனால் அதில் ஒரு சங்கதி உண்டு. இந்த மால்வேர் (கெடுதல் செய்கிற புரோகிராம்) ஓடத் தொடங்கியதும் தன் முதலாளியின் சர்வரைக் கூப்பிட்டு, இந்த கம்ப்யூட்டருக்கென்று தனிச் சாவி வாங்குகிறது. சர்வர் கிடைக்காவிட்டால், கையோடு கொண்டுவந்த பொதுச் சாவியால் பூட்டுகிறது. பொதுச் சாவி என்றால் என்றைக்காவது யாராவது கண்டுபிடிக்க வாய்ப்புண்டு. தனிச் சாவி என்றால் இல்லை. மிரட்டல் கடிதத்தின் அடியில் உள்ள அடையாள எண் ஆங்கிலத்தில் ‘t1’ என்று முடிந்தால் பொதுச் சாவி.

என்னுடையது அப்படி முடியவில்லை. நான்கு தடவை பார்த்தேன். சனிக்கிழமை முழுக்க மழையில் நெட் போய்ப் போய் வந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு புரூஃப் அனுப்ப இருபது நிமிடம் ஆனது. அந்த 7:42-க்கு மட்டும் கச்சிதமாக இருந்திருக்கிறது.

1930-க்குப் போன் செய்து சைபர் கிரைமில் புகார் கொடு என்கிறாள் மனைவி. என்னவென்று கொடுப்பது? ‘திருட்டு சாஃப்ட்வேர் ஓட்டினேன், அதற்குள் திருடன் இருந்தான்’ என்றா? பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவைப் படித்தேன். தெரிந்தே திருட்டுப் பிரதியை ஓட்டினால் ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். போனைக் கீழே வைத்துவிட்டேன்.

16 நவம்பர், புதன்

தூக்கம் வரவில்லை. பழைய நினைப்பு.

2003-இல் சென்னையில் படித்தபோது, பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜாரில்தான் எனக்கு கம்ப்யூட்டரே அறிமுகம் என்று சொல்லலாம். பிளாஸ்டிக் கவரில் சிடி, ஜெராக்ஸ் அட்டை, மார்க்கர் பேனாவில் சீரியல் நம்பர். வைஸ் சிட்டி கேம் அசலில் இரண்டு சிடி. நாங்கள் வாங்கியது ரேடியோப் பாட்டையெல்லாம் வெட்டி ஒன்றில் அடக்கியது. பைக்கில் ஏறினால் எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்கும். அந்த கேமில் பாட்டு உண்டு என்பதே எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். விண்டோஸும் பேஜ்மேக்கரும் அப்படித்தான் வந்தன. இன்று தொழில் செய்கிற எல்லாவற்றையும் அந்தக் கவர்களிலிருந்துதான் கற்றேன், அதை மறைக்கவும் முடியாது. அன்றைக்கு அசல் கேட்டால் எங்கள் ஹாஸ்டலில் ஒருத்தனும் மவுஸைத் தொட்டிருக்க மாட்டான்.

ஆனால் அன்றும் ‘ஆன்டிவைரஸை அணை’ என்றுதான் எழுதியிருந்தது. கிராக்கை அது சும்மாவே வைரஸ் என்று சொல்லும், பொய் அலாரம், கண்டுகொள்ளாதே. இருபது வருடமாக அலாரம் அடிக்கும்போதெல்லாம் அதன் வாயை மூடிப் பழகிய கை இது. அது உண்மையாகவே கத்தினாலும் எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. ஜிப்புக்கு எதற்கு பாஸ்வேர்ட் என்றுகூட ஒரு நாளும் யோசித்ததில்லை. ஸ்கேன் செய்கிற எதுவும் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காம்.

இன்னொன்று படித்தேன். ஐபிஎம் பிசிக்கு வந்த முதல் வைரஸ், 1986-இல் வந்த ‘பிரெய்ன்’. லாகூரைச் சேர்ந்த அல்வி சகோதரர்கள் எழுதியது. தாங்கள் செய்த மருத்துவ சாஃப்ட்வேரைத் திருட்டுக் காப்பி போடுகிறார்களே என்ற கோபத்தில், அதற்குள் தங்கள் பெயர், விலாசம், போன் நம்பரோடு வைத்தார்களாம். அந்த வைரஸாவது விலாசம் கொடுத்தது.

பையன் இப்போது பேசுகிறான். அவனும் ஒன்று காட்டினான்: ‘கிராக்கனோஷ்’. ஜிடிஏ 5 மாதிரி கேம்களின் திருட்டுப் பிரதிக்குள் ஒளிந்து வருவது. கம்ப்யூட்டரை ஆன்டிவைரஸ் ஓடாத சேஃப் மோடுக்குக் கொண்டுபோய், விண்டோஸின் காவலைக் கழற்றிவிட்டு, கமுக்கமாக நம் கம்ப்யூட்டரின் உழைப்பில் மொனேரோ என்ற கிரிப்டோ காசை உண்டாக்கிக்கொண்டிருக்கும். 2,22,000-க்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் இருந்ததாக 2021-இல் அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் சொன்னது. கேம் ஏன் இப்படித் திக்குகிறது, புது கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா என்று அத்தனை பேரும் யோசித்திருப்பார்கள்.

17 நவம்பர், வியாழன். கார்த்திகை 1

பத்திரிகைக்காரர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஒருவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார், கொடுத்தேன்.

மற்ற மூன்றுக்கும் வாட்ஸ்அப் கை கொடுத்தது. புரூஃப் படங்கள் என் போனிலேயே இருக்கின்றன. அதைப் பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டியதுதான். ‘நிகழும் மங்களகரமான சுபகிருது வருடம்’ என்று மூன்று தடவை அடித்தேன். அந்த ஒரு வரியை காப்பி பேஸ்ட் செய்யாமல் கையால் அடித்து எத்தனை வருடம் ஆகிறது! 2016-இல் எரித்து வைத்த டிவிடி ஒன்று பீரோவில் கிடைத்தது. பார்டர், பிள்ளையார், நாதஸ்வரம் எல்லாம் அதில் பத்திரம்.

மதியம் பையன் பள்ளியிலிருந்து வந்து, கேம் வாங்கி விளையாடுகிற ஸ்டீம் தளத்தைத் திறந்தான். பாஸ்வேர்ட் தவறு என்றது. மெயில் முகவரி மாறியிருக்கிறது. பூட்டுவதற்கு முன்னால், பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை அள்ளிப் போகிற ஒரு கூட்டாளியையும் இந்த மால்வேர் இறக்கிவிடுமாம். ஐந்து நாள் கழித்து இது எங்களுக்குத் தெரிகிறது. பேங்க், மெயில், எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் போனிலிருந்து மாற்றினேன்.

அவன் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. “நான் ஒழுங்காத்தானேப்பா வாங்கினேன்,” என்று மட்டும் சொன்னான்.

19 நவம்பர், சனி

பணம் கட்டிய ரசீதை அனுப்பி மனு போட்டிருந்தோம். ஸ்டீம் கணக்கு திரும்ப வந்துவிட்டது. டிரக் இருக்கிறது, பஸ் இருக்கிறது.

இன்னொரு நல்லது. இந்த மால்வேர் அவசரக்காரன், முழுக் கோப்பையும் பூட்டுவதில்லை. முதல் 150 கேபியை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். சின்னச் சின்ன டிசைன் கோப்புகளுக்கு அதுவே சாவு. எம்பி3-க்கு அப்படி இல்லை. வாலை வெட்டிப் பழைய பெயர் வைத்தேன், பிளேயர் கொஞ்சம் முக்கிவிட்டுப் பாடியது. கணக்குப் பார்த்தால் 128 கேபிபிஎஸ் பாட்டில் போவது முதல் பத்து வினாடிக்கும் கொஞ்சம் குறைவு. கடையில் இப்போது ஒரு பாட்டுக்கும் ஆரம்பம் இல்லை.

26 நவம்பர், சனி

புது எஸ்எஸ்டி, புது விண்டோஸ், இந்தத் தடவை பில்லோடு. பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துடைக்கவில்லை. கவரில் போட்டு, தேதி எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன், என்றைக்காவது சாவி கிடைத்தால் என்று.

டிசைனுக்கு இங்க்ஸ்கேப் பழகுகிறேன். இலவசம். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கை பழைய ஷார்ட்கட்டுக்கே போகிறது, ஆஃப்செட்டுக்கு வேண்டிய நான்கு கலர் பிரிப்பும் அதில் நேராக வராது. அதற்கு ஸ்கிரைபஸ் என்று இன்னொன்று. ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரம் ஆகிறது. பெரிய ஆர்டர் வந்தால் அசலுக்கு மாதச் சந்தா கட்டலாமா என்று பார்க்கிறேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு அண்ணன் வந்தார். பென்டிரைவை மேஜையில் வைத்தார். “கடையில சொருக வேணாம்னு வீட்லயே எடுத்து வச்சிருந்தேன். நீயே ஒரு தடவ போட்டு கிளீன் பண்ணிக் குடுத்துடேன்.”

நான் பென்டிரைவைப் பார்த்தேன். பையனும் லாரியை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். சொருகுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. டீ வந்தது. குடித்தோம். பென்டிரைவ் இன்னும் மேஜையிலேயேதான் கிடக்கிறது.