பதினாறு இதழ்ப் புகைக்குண்டு

சித்திரை முழுநிலவான சித்திராப் பறுவத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதே எங்கள் ஒழுங்கையில், அந்தச் சிறு தெருவில், புகைக்குண்டு ஒட்டும் பசையைக் காய்ச்சும் மணம் எழும்பிவிடும். கோதுமை மாவைக் கட்டிபடாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் துழாவி, இறக்கும் நேரம் பார்த்து ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார்கள். துத்தம் கலந்த பசையைக் கரப்பான் தொடாது. பசை நீலம் பாரித்து, விரலில் எடுத்தால் நூலாக இழுபடும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக லண்டனில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்து வடகரையில் உள்ள எங்கள் ஊரான வல்வெட்டித்துறையின் பெயரை யாராவது சொன்னால் எனக்குக் கடலுக்கு முன்னால் அந்தப் பசைதான் நினைவுக்கு வருகிறது.

நம்மவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் நம் ஊர்ச் சங்கத்தின் இந்த மலரை நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படிக்கிறார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். முத்துமாரியம்மன் கோவில் திருவிழா சித்திரை மாதத்தில் வரும். பறுவத்தன்று அம்மன் ஊறணிக் கடலில் தீர்த்தமாடுவாள். அன்றிரவு முழுவதும் ஊர் கொண்டாடுவதுதான் இந்திர விழா. காவிரிப்பூம்பட்டினத்துச் சோழர்கள் சித்திரை முழுநிலவில் எடுத்த விழாவின் பெயரும் அதுவே. அந்தப் பெயரை இன்றும் வாயாரச் சொல்லிக் கொண்டாடும் துறைமுக ஊரில் பிறந்தோம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்க வேண்டிய தேவை எனக்கில்லை.

விழாவைக் கோவில் மட்டும் நடத்தவில்லை. ஒவ்வொரு ஒழுங்கையும் நடத்தியது. முகப்புக் கட்டுவது, வாழை நடுவது, மின்குமிழ் தொடுப்பது, தண்ணீர்ப்பந்தல் வைப்பது என்று வீட்டுக்கு ஒரு வேலை இருந்தது. வாழை கொடுக்க இயலாதவர் கயிறு கொடுத்தார். கயிறும் இல்லாதவர் இரவு முழுவதும் தேநீர் வைத்துக் கொடுத்தார். எங்கள் ஆச்சி தண்ணீர்ப்பந்தலுக்கு மோர் கரைப்பார். வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டு, தேசிக்காய்ப் புளி விட்டு, பெரிய அண்டாவில் அகப்பையால் அடித்துக் கலக்குவார். அந்த அண்டாவை வேறு எவரும் தொட அவர் விட்டதில்லை.

சித்திரை என்றால் பள்ளி விடுமுறை. வருடப்பிறப்புக்கு மருத்துநீர் வைத்து முழுகி, கைவிசேடம் வாங்கி, போர்த்தேங்காய் அடித்து முடிப்பதற்குள் அம்மன் கோவிலில் கொடி ஏறிவிடும். பிறகு ஆடிக்கூழ். அதன் பிறகு ஆவணியில் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதிக்கு விடியற்காலையில் கால்நடையாகப் போவது. இவற்றைப் பற்றி ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுரை எழுதலாம். இன்று புகைக்குண்டைப் பற்றியே எழுத மனம் விரும்புகிறது.

புகைக்குண்டு என்பது மெல்லிய வண்ணத் தாளால் ஒட்டிய பெரிய உருண்டை. அடியில் வளையம் கட்டிய வாய் இருக்கும். வாயின் குறுக்கே கம்பி, கம்பியின் நடுவில் எண்ணெயில் தோய்த்த துணிப்பந்தம். நிலத்தில் நெருப்பு மூட்டி, சூடான புகையை உள்ளே பிடித்து, குண்டு நிமிர்ந்து இழுக்கத் தொடங்கியதும் பந்தத்தைக் கொளுத்திக் கையை விடவேண்டும். சித்திரையில் வாடை ஓய்ந்து சோளகம் தலைகாட்டும் காலம். வாடை நம் கரையை நோக்கி அடித்துக் கடலைக் குழப்பும். சோளகமோ நிலத்திலிருந்து கடலுக்குப் போகிற காற்று. அதனால் நம் வடகரைக் கடல் அந்த மாதங்களில் குளம்போல் கிடக்கும். ஏற்றிய குண்டும் கூரைகளின் பக்கம் திரும்பாமல் நேரே பாக்கு நீரிணைக்கு மேலே போய்விடும். இந்தக் கணக்கை யார் முதலில் கண்டார்களோ, கடலை நன்றாக அறிந்த ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

1979இல் எங்கள் ஒழுங்கைச் சிறுவர்கள் சேர்ந்து முதன்முதலாகத் தனிக்குண்டு ஒன்று ஒட்டினோம். பதினாறு இதழ், அதாவது உருண்டையாகச் சேர்த்து ஒட்டும் பதினாறு நீளத் தாள்துண்டு. ஒவ்வொன்றும் 12 அடி நீளம், நடுவில் 18 அங்குல அகலம். நடுவிலிருந்து இரண்டு நுனிக்கும் நேர்கோடு போட்டு வெட்டினோம். ஒட்டி முடித்தபோது இரண்டு பம்பரத்தைத் தலையோடு தலை வைத்தது போல இருந்தது. எங்கள் கண்ணுக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. புகை பிடித்தோம். நிமிர்ந்தது. பந்தத்தைக் கொளுத்தியதும் கீழ்ப்பக்கத் தாள் சுருங்கி நெருப்பில் முட்டி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிடித்துக்கொண்டது. பத்து நாள் வேலை ஒரு நிமிடத்தில் சாம்பலாகிவிட்டது. என் வலக்கையில் இரண்டு விரல் வெந்துபோனது.

விடுமுறை முடிந்து சிதம்பராக் கல்லூரிக்குப் போனேன். கணித ஆசிரியர் கட்டுப்போட்ட விரலைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். ஏச்சு விழும் என்று நின்ற எனக்கு, அவர் வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் ஒரு தோடம்பழத்தை (ஆரஞ்சுப் பழத்தை) வரைந்தது இன்றும் கண்முன் நிற்கிறது.

"தோடம்பழச் சுளையின் தோலை உரித்து மேசையில் விரித்துப் பார்த்திருக்கிறாயா? அதன் ஓரம் நேர்கோடா, தம்பி?"

அன்று பாடத்திட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டார். உருண்டையின் சுற்றளவு 24 அடி. அதைப் பதினாறாகப் பங்கிட்டால் ஓர் இதழின் நடு அகலம் ஒன்றரை அடி, அதாவது 18 அங்குலம். அதுவரை நாங்கள் செய்தது சரி. நடுவிலிருந்து நுனிக்குப் போகும் தூரத்தை 90 பாகையாக எண்ணச் சொன்னார். பாதித் தூரம் என்றால் 45 பாகை. மடக்கைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் 45 பாகையின் கோசைனைப் பார்க்கச் சொன்னார். 0.7071. அதை 18ஆல் பெருக்கினால் 12¾ அங்குலம் அளவில் வரும். நாங்கள் நேர்கோட்டில் வெட்டிய இடத்தில் இருந்தது 9 அங்குலம். பதினாறு இதழுக்கும் சேர்த்துப் பார்த்தால், அந்த இடத்தில் சுற்றளவில் ஐந்து அடியைக் காணவில்லை. நெருப்புக்கும் தாளுக்கும் இடையே இருக்கவேண்டிய இடம் அது. 9 அங்குலம் வரவேண்டியது 60 பாகையில், மூன்றில் இரண்டு பங்குத் தூரம் போன பிறகு. கோசைன் என்பது எதற்கென்று அதன் பிறகு நான் எவரிடமும் கேட்டதில்லை. இங்கு வந்து பொறியியல் படித்தபோதும் அந்தத் தோடம்பழமே துணைக்கு வந்தது.

அடுத்த ஆண்டு அவர் சொன்ன அளவில் வெட்டினோம். எங்களுக்குக் கிடைத்த தாள் 30 அங்குல நீளம். ஓர் இதழுக்கு ஐந்து தாளைத் தொடுத்து ஒட்டவேண்டும். பதினாறு இதழுக்கு 80 தாள். வீட்டுக்கு வீடு போய்ச் சேர்த்த காசில் முக்கால்வாசி தாளுக்கே போனது.

ஒட்டும் முறையைச் சொல்லித்தந்தவர் எங்கள் ஒழுங்கையிலிருந்த முதிய தண்டையல் (கப்பல் தலைவர்) ஒருவர். பாய்க்கப்பலில் நாகபட்டினமும் ரங்கூனும் போய்வந்தவர். நம் துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த கதையை அவர் சொன்னால், அந்தக் கப்பலில் தானே போனவர்போல் இருக்கும். தாளை ஓரத்தோடு ஓரம் முட்ட வைத்து ஒட்டாதே, அரை அங்குலம் மேலேறி நிற்கட்டும் என்றார். பாய்ச்சீலையை அப்படித்தான் மேலேற்றித் தைப்பார்களாம். வாய் வளையத்துக்கு மூங்கிலைப் பிளந்து வளைத்துக் கட்டியதும் அவர் கைதான். அந்த முடிச்சைப் பலமுறை கேட்டுக் கற்றுக்கொண்டேன். இப்போது கயிற்றைக் கையில் எடுத்தால் பாதி வரைக்கும் வருகிறது, பிறகு விரல் மறந்துவிடுகிறது. அவரிடம் இன்னும் இரண்டு நாள் இருந்து பழகியிருக்க வேண்டும்.

1980ஆம் ஆண்டுக் குண்டு ஏறியது. பந்தம் பிடித்ததும் தாள் உள்ளிருந்து சிவந்து விரிந்தது. பதினாறு ஒட்டும் பதினாறு கோடாகத் தெரிந்தன. எட்டுப் பேர் பிடித்திருந்த வளையம் கையை இழுத்தது. மேளச் சமா ஒரு பக்கம், பாட்டுக் கச்சேரி இன்னொரு பக்கம் என்றிருந்த அந்த இரவில், நாங்கள் விட்ட கணத்தில் சத்தம் எதுவுமே என் காதில் விழவில்லை. குண்டு தென்னை உயரம் தாண்டி, வடக்கே சாய்ந்து, கடலுக்கு மேலே சிறுத்துக்கொண்டே போனது. எங்கள் அப்பா மட்டும் கடைசிவரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னும் தெரிகிறது, இன்னும் தெரிகிறது" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

அதே கடலைத்தான் நம் ஊர் நீச்சல் வீரர் குமார் ஆனந்தன் நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறையிலிருந்து தமிழ்நாட்டின் கோடிக்கரைக்குப் போய், அங்கிருந்து மீண்டும் நம் கரைக்கு, 51 மணித்தியாலத்தில். அப்போது எனக்கு ஐந்து வயது. அப்பாவின் தோளிலிருந்து பார்த்த தலைகளே நினைவில் இருக்கின்றன, நீந்தியவரைக் கண்டேனா என்பதைச் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு ஊர்ச் சிறுவன் ஒவ்வொருவனும் சித்திரைக் கடலில் எவ்வளவு தூரம் போகிறான் என்பதே பேச்சாகிவிட்டது. 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயில் அவர் உயிர்நீத்த செய்தி வந்தபோது நான் இங்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஊரை விட்டு வந்ததற்காக நான் முதன்முதலில் அழுதது அன்றுதான்.

பிறகு போர். இடம்பெயர்வு. ஒழுங்கையில் ஒட்டிய எட்டுப் பேரில் இருவர் இன்று இல்லை. அதற்கு மேல் எழுத என்னால் இயலவில்லை.

நம் சங்கத்தினரிடம் ஒன்றை மனம்விட்டுச் சொல்ல விரும்புகிறேன். இந்திர விழாவுக்கு நாம் பணம் அனுப்புகிறோம், நல்லது. டிக்கெட் எடுத்துத் தீர்த்தத்துக்கு முதல்நாள் போய் இறங்கி, படம் எடுத்து, மூன்றாம் நாள் திரும்பிவிடுகிறோம். அது போதாது. இயன்றவர்கள் பத்து நாள் முன்னதாகவே போங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பசைச் சட்டிக்குப் பக்கத்தில் இருத்துங்கள். இங்கு பூங்காவில் நாம் கூடும் கோடை விழாவில் கயிறிழுத்தலும் கிளித்தட்டும் வைத்து அவர்களுக்கு ஊரைக் காட்டுகிறோம். அது ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. ஓர் ஒழுங்கை முழுவதும் சேர்ந்து பத்து நாள் ஒரு வேலை செய்வதை அவர்கள் எங்கே காண்பார்கள்? முடிச்சுப் போடத் தெரிந்தவர்கள் நம்மில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் அதை அடுத்த மலருக்குப் படத்தோடு எழுதி அனுப்பவேண்டும் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்மையில் போனபோது நான் அப்படித்தான் போனேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டு விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் தாள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்பிள்ளைகளும் இருந்தார்கள், எங்கள் காலத்தில் அது இல்லை. ஒருத்தி மூங்கில் தடியொன்றைத் தாளின் மேல் வைத்து, தடியில் இருந்த வெட்டுக்களுக்கு நேரே புள்ளி போட்டாள். என்ன அளவு என்று கேட்டேன். தெரியாது மாமா, அண்ணாமார் தந்த தடி, இப்படித்தான் வெட்டுவோம் என்றாள். தடியை வாங்கி என் கைநாடாவால் அளந்து பார்த்தேன். நடுவுக்கு 24 அங்குலம். பாதிக்கு 17. மூன்றில் இரண்டுக்கு 12.

தோடம்பழம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். அவள் உள்ளே போய் எடுத்துவந்தாள். பக்கத்தில் இருந்த சிறுவன் தாள்கட்டை ஒதுக்கி எனக்கு இடம் விட்டான்.