நாலு விரல் இடம்

"இதுல நீலம் இருக்காம்மா?" என்று கேட்டதும் அந்தப் பெண் எழுந்த வேகத்தில் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் மடித்த சேலைகள். மிச்சம் நாலு விரல் இடம். அதில்தான் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளத்தில் 2018-இல் சட்டம் திருத்தினார்கள், இங்கே 2021-இல். சரி, ஸ்டூல் வந்துவிட்டது. சூப்பர்வைசரின் பார்வையை எந்தச் சட்டத்தில் திருத்துவது?

"முன்னாடி இருந்த கடையில சம்பளம் ஐந்நூறு கம்மிக்கா. ஆனா அங்க சூப்பர்வைசர் அண்ணனே 'செத்த உக்காரும்மா'ம்பாரு. அந்தக் கடையை மூடிட்டாங்க."

நீலத்தில் மூன்றை விரித்துப் போட்டாள்.

"நான் பாத்துக்கிறேன், நீ உக்காரு."

சிரித்தாள். மாடிப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். உட்காரவில்லை.