கண்டினியூட்டி பார்த்த பெண்

மார்ச் 3, திங்கள்

இரவு 'தி செவன்த் வெய்ல்' பார்த்தேன். 1945-இல் வந்த பிரிட்டிஷ் படம். ஆன் டாட் பியானோ வாசித்துக்கொண்டிருக்க, ஜேம்ஸ் மேசன் அவள் விரல்களைப் பார்த்துக் கைத்தடியை ஓங்கி இறக்கும் இடத்தில் என்னை அறியாமல் கையை இழுத்துக்கொண்டேன். கணவர் சிட்னியோடு சேர்ந்து இதை எழுதியவர் மியூரியல் பாக்ஸ். 1947-இல் இருவருக்கும் ஆஸ்கர் கிடைத்தது. அசல் திரைக்கதைக்கு அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். இத்தனை நாள் அந்தப் பெயரே என் காதில் விழவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1905-இல் பிறந்தவர். தட்டச்சு வேலையிலிருந்து ஸ்டூடியோவுக்குப் போய், கண்டினியூட்டி, அதாவது துண்டு துண்டாக எடுக்கும் காட்சிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று, பார்க்கத் தொடங்கியிருக்கிறார். தட்டச்சில் ஹையர் முடித்து முப்பது வருடம் அலுவலகத்தில் உட்கார்ந்தவள் நான்; அந்த வரியைத் தாண்ட மனம் வரவில்லை.

அந்த வேலையை நினைத்துப் பார்க்கிறேன். எடுத்ததை உடனே போட்டுப் பார்க்க வழியில்லாத காலம். நடிகர் எந்தக் கையில் கோப்பையைப் பிடித்தார், சிகரெட் எவ்வளவு எரிந்திருந்தது, கோட்டில் எத்தனை பொத்தான் போட்டிருந்தது, எந்தச் சொல்லில் எழுந்தார் என்று ஒவ்வொரு டேக்குக்கும் குறிக்க வேண்டும். அதே காட்சியின் மீதி ஒரு வாரம் கழித்து வேறு கோணத்தில் எடுக்கப்படலாம். அப்போது அந்தக் குறிப்பேடுதான் சாட்சி. ஒரு காட்சி எப்படிக் கட்டப்படுகிறது என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்தே அவர் கற்றிருப்பார் என்று உறுதியாக நம்புகிறேன்.

மார்ச் 7, வெள்ளி

பியானோ காட்சிகளை மறுபடி போட்டுப் பார்த்தேன். நெருக்கத்தில் தெரியும் கைகள் ஆன் டாட்டுடையவை அல்ல. ஆஸ்திரேலியப் பியானோ கலைஞர் ஐலீன் ஜாய்ஸுடையவை. வாசிப்பும் அவருடையதே. டைட்டிலில் அவர் பெயர் இல்லை. மனம் ஆறவில்லை.

மார்ச் 12, புதன்

போர்க்காலத்தில் சிட்னி நடத்திய வெரிட்டி நிறுவனத்தில் குறும்படங்கள் எடுத்திருக்கிறார் மியூரியல். குழந்தைகளுக்கான சாலைப் பாதுகாப்புப் படம் ஒன்றை அவர் இயக்கத் தயாரானபோது, அதை ஓர் ஆண் இயக்கட்டும் என்று தகவல் அமைச்சகம் தடுத்துவிட்டது. படித்ததும் கொதித்துப் போனேன்.

அவர் ஓயவில்லை. 1946-இல் கெயின்ஸ்பரோ ஸ்டூடியோவின் கதைப் பிரிவுக்குத் தலைவரானார். 1952-இல் 'தி ஹாப்பி ஃபேமிலி'யை இயக்கினார். மறுவருடமே 'ஸ்ட்ரீட் கார்னர்': லண்டன் தெருக்களில் ரோந்து போகும் பெண் போலீஸாரின் கதை. சாலையைப் பற்றிப் படம் எடுக்க ஆண்தான் வேண்டும் என்றவர்களும் அதைப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கவே நிறைவாக இருக்கிறது.

கடைசிப் படம் 1964-இல். அதன்பின் ஃபெமினா என்ற பெயரில் பெண்களுக்காகப் புத்தக வெளியீடு.

'ஸ்ட்ரீட் கார்னர்' கிடைத்துவிட்டது. சனிக்கிழமை இரவு அக்காவையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்க்கப்போகிறேன்.