ஒத்தை மேற்கோள் குறிக்குக் காத்திருந்த கியூ

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கால் வைக்க இடமில்லை. ஒரு துணிக்கடை கல்லாவில், சட்டை மாற்ற வந்தவரின் போன் நம்பரைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். பழைய பில் வர 9 செகண்ட். பின்னால் கியூ வாசலைத் தாண்டிவிட்டது.

"இன்னா தம்பி, பில்லு காசிமேட்டுக்குப் போயி வலை போட்டுனு வருதா?" என்கிறார் ஓனர்.

"ரேம் கம்மிண்ணே. 8 ஜிபியை 32 ஆக்கிடலாம்," என்கிறான் சாஃப்ட்வேர் தம்பி. ரேம் மேல் பழி போடுவது இந்தத் தொழிலின் குலவழக்கம்.

டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியான குவெரிக்கு முன்னால் 'எக்ஸ்ப்ளைன்' என்று ஒரு சொல்லைச் சேர்த்ததும் குட்டு வெளிப்பட்டது. பில்களை வைத்திருக்கும் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் காட்டியது: டைப் 'ஆல்', கீ 'நல்', ரோஸ் 40 லட்சத்துச் சொச்சம். அதாவது, இண்டெக்ஸ் எதுவும் இல்லாமல் டேபிள் முழுக்க வரி வரியாகத் தேடுகிறது. போன் நம்பருக்கு இண்டெக்ஸ் (புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவு மாதிரி) இருக்கிறது, ஆனால் அதைத் தொடவே இல்லை.

டேபிளில் போன் நம்பர் வார்கேர், அதாவது எழுத்து. புரோகிராம் அனுப்புவதோ மேற்கோள் குறி இல்லாத வெறும் எண். '98', '098', ' 98' மூன்றும் எண்ணாக மாற்றினால் ஒன்றுதான். எழுத்து வரிசையில் அடுக்கிய இண்டெக்ஸில் அவை மூன்றும் வேறு வேறு இடத்தில் கிடக்கும். அதனால் 40 லட்சம் வரியையும் ஒவ்வொன்றாக எண்ணாக்கிப் பார்ப்பதைத் தவிர மைஎஸ்க்யூஎல்லுக்கு வேறு வழியில்லை. டேபிளின் நெடுவரிசை எண்ணாக இருந்து, எழுத்தை அனுப்பினால் இந்தச் சிக்கல் வராது, வேடிக்கைதான்.

தேடும் நம்பரை ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்தாக, அனுப்பினான் தம்பி. டைப் 'ரெஃப்' (இண்டெக்ஸ் வழியாகத் தேடல்), ரோஸ் 3.

கை வைத்த கையோடு இன்னொன்றும் மாட்டியது. அன்றைய 200 பில்லைக் காட்ட 201 குவெரி! பட்டியலுக்கு ஒன்று, அப்புறம் பில்லுக்கு ஒன்றாக வாடிக்கையாளர் பெயருக்கு 200. நாலு மீனுக்கு நாலு தடவை ஷேர் ஆட்டோ பிடிக்கிற கதை. இரண்டு டேபிளையும் சேர்த்து ஒரே குவெரியில் கேட்கும் ஒரு ஜாயினில் தீர்ந்தது. தேதி நெடுவரிசையை 'டேட்' ஃபங்ஷனுக்குள் போட்டுத் தேடியதையும், 'இன்று 0 மணி முதல், நாளை 0 மணிக்கு முன்' என்று மாற்றியபின்தான் தேதி இண்டெக்ஸுக்கு வேலை வந்தது.

"அப்போ ரேமு?"

"வேணாண்ணே."

சட்டைக்காரரின் பில் கண்ணிமைப்பதற்குள் திரையில் வந்தது. மாற்றுவதற்கான 7 நாள் கெடு முந்தாநாளே முடிந்திருந்தது.

"முன்னே மாதிரி மெதுவாவே இருந்திருக்கலாம்," என்றார் அவர்.