எழுத்து வைக்காதவர்களின் விசா

கலியாணம் எழுதாமல், அதாவது திருமணத்தைப் பதியாமல், லண்டனுக்கு ஸ்பொன்சர் பண்ண ஏலுமா என்று என்னிடம் தனியாகக் கேட்பவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். கேட்கும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திவிடுகிறார்கள். ஏலும். பிரித்தானியக் குடும்ப விசா விதிகளில் அதற்கென்று ஒரு வழி இருக்கிறது. நானும் அந்த வழியில்தான் விண்ணப்பித்திருக்கிறேன். குரலைத் தாழ்த்தாமல் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் என் நிலைமை. சட்டப்படி நான் இன்னும் வேறொருவரின் மனைவி. அந்த மனிதர் வெளிநாடு போனார். முதலில் காசு நின்றது, பிறகு கதை நின்றது, கடைசியில் ஆளே எங்கே என்று தெரியாமல் போயிற்று. இலங்கையில் பொதுத் திருமணச் சட்டத்தின் கீழ் விவாகரத்துக் கேட்க மூன்றே காரணங்கள்தான் உண்டு: வேறொருவரோடு தகாத உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை, பிரிகிறோம் என்று போய் நின்றால் நீதிமன்றம் கேட்காது. என்னுடையது கைவிட்டுப் போன வழக்கு. அழைப்பாணை கொடுக்க ஆள் இல்லாததால் பத்திரிகையில் அறிவித்தல் போட்டோம். அதன் பிறகு தவணை மேல் தவணை. தீர்ப்புக் கிடைத்தாலும் முதலில் வருவது இடைக்கால ஆணை. குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் அது முற்றாகும். ஆகவே "பேசாமல் எழுதிப்போட்டுப் போங்கோவன்" என்று புத்தி சொல்பவர்களைப் பார்த்துச் சிரிப்பதைத் தவிர எனக்கு வழியில்லை. திருமணம் நிச்சயித்தவர்களுக்கான விசாவும் சரிவராது. அதில் போனால் ஆறு மாதத்துக்குள் அங்கே திருமணம் முடித்தாக வேண்டும்.

இப்போது என் துணையாக இருக்கும் இவர் திருகோணமலையில் பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு லண்டன் போய், பிரித்தானியக் குடியுரிமை எடுத்தவர். மாமா, அதாவது இவருடைய அப்பா, கடைசிக் காலத்தை ஊரில்தான் கழிப்பேன் என்று திரும்பி வந்துவிட்டார். அவருக்குச் சிறுநீரகம் பழுதானபோது பார்க்க வந்த இவர் அப்படியே நின்றுவிட்டார். இலங்கைக் குடியுரிமையையும் திரும்ப எடுத்து, உவர்மலையில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்தார். நானும் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

சரி, விதி என்ன சொல்கிறது? திருமணமாகாத துணையாக விண்ணப்பிப்பவர், அந்த நாளில் குறைந்தது இரண்டு வருடமாகத் திருமணத்துக்கு ஒப்பான உறவில் இருந்திருக்க வேண்டும். 2024 ஜனவரி 31க்கு முன்னர் அந்த இரண்டு வருடமும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்திருக்க வேண்டும் என்று இருந்தது. இப்போது உறவு நிலையானதா என்றுதான் பார்க்கிறார்கள். வேலைக்காகவோ படிப்புக்காகவோ பிரிந்து இருந்தால் அதற்கான காரணத்தை விளக்கலாம். முந்தைய உறவு ஏதும் இருந்தால் அது நிரந்தரமாக முறிந்திருக்க வேண்டும். என்னைப் போல வழக்கு இழுபடுகிறவர்களுக்கு இந்த ஒரு வசனம் பெரிய ஆறுதல். விவாகரத்து முடிந்த தாள் கையில் இல்லை என்பதாலேயே கதவு சாத்தப்படுவதில்லை.

திருமணச் சான்றிதழ் இருந்தால் உறவைக் காட்டத் தொடங்க ஒரு தாள் போதும். எங்களைப் போன்றவர்கள் ஒவ்வொரு தாளாகச் சேர்க்க வேண்டும். ஒரே முகவரிக்கு இருவர் பெயரிலும் வந்த கடிதம், கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், பில்கள் என்று ஆலோசனை சொல்கிறவர்கள் எங்கள் ஊர் வீட்டில் இருந்து பார்த்ததில்லை. கரண்ட் பில் வீட்டுக்கார அன்ரியின் காலமாகிவிட்ட கணவர் பெயரில் வருகிறது. தண்ணீர் பில் அவருடைய தகப்பனார் பெயரில். வாடகையை மாதம் பிறந்ததும் கையில் கொடுப்போம். ரசீது கேட்டால், "என்ன பிள்ளை, என்னை நம்பயில்லையோ?" என்று முகம் சுருங்கிவிடும். ஒப்பந்தம் எழுதக் கேட்பதற்கு, என்ன சொல்வதென்று இரண்டு நாள் பழகிப் பார்த்துக்கொண்டு போனேன். அன்ரி சம்மதித்தார். ஆனால் எழுதிய திகதியில் இருந்துதானே அது செல்லும். பழைய மாதங்களுக்கு என்ன செய்வது?

கைகொடுத்தது வாக்காளர் இடாப்பு. ஜீ.எஸ். (கிராம உத்தியோகத்தர்) தந்த படிவத்தில் அந்த வீட்டில் இருக்கும் வாக்காளர் எல்லோருடைய பெயரையும் நிரப்பிக் கொடுத்திருந்தோம். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் பாராளுமன்றத்துக்குப் போட்டியிட முடியாதே தவிர, வாக்குப் போடலாம். அரசியல் என்றாலே தொலைக்காட்சியை நிறுத்திவிடுகிற இவர், மாமாவின் அரியண்டத்தில்தான் பதிந்தார். இப்போது பார்த்தால் ஒரே வீட்டு இலக்கத்தின் கீழ் மாமா, இவர், நான் என்று மூன்று பெயர், அடுத்தடுத்த வருடங்களில். அரசாங்கமே பதிந்து வைத்த சாட்சி. அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு வதிவிடச் சான்றிதழ் கேட்டுப் போனேன். அந்தப் படிவத்தில் விவாக நிலை என்று ஒரு கூடு இருக்கிறது.

"தங்கச்சி, இதில நான் என்னத்தை எழுத?" என்றார் ஜீ.எஸ்.

"உள்ளதை எழுதுங்கோ சேர்."

பேனையைக் கொஞ்ச நேரம் உருட்டிவிட்டு விவாகமானவர் என்று எழுதினார். அதுதான் உண்மையும். அதை மறைக்காமல், வழக்கு இலக்கத்தோடு என் விளக்கக் கடிதத்தில் எழுதிவிட்டேன். திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் கிடைத்தது.

ஆனால் என் ஆவணக் கட்டில் இருக்கும் தாள்களில் நான் அதிகம் நம்புவது ஒரு மரண அறிவித்தலை. மாமா 2023இல் காலமானார். எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இன்னாரின் மகன், இன்னாரின் அன்புக் கணவர், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தை, இன்னாரின் அன்பு மாமனார் என்று போகும். பிழைத்துப்போனால் பத்து வருடத்துக்குக் கோபம் நிற்கும். அந்த "அன்பு மாமனார்" வரியில் என் பெயரைப் போடுவதா என்று செத்தவீட்டு முற்றத்தில் ஒரு பேச்சு. "நாளைக்குக் கதை வரும், பேசாமல் விடுங்கோ" என்றார் சித்தப்பா ஒருவர். நான் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். லண்டனில் இருந்து வந்திருந்த இவருடைய அக்கா, அழுது வீங்கிய முகத்தோடு எழும்பி, "அப்பாவுக்கு மருந்து குடுத்தது ஆர்? கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனது ஆர்? பேரைப் போடு" என்றார். போட்டார்கள். கதை வந்தது உண்மை, சித்தப்பா சொன்னது பிழையில்லை. முப்பத்தோராம் நாள் வெளியிட்ட கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்திலும் அதே வரி அச்சானது.

அதை மொழிபெயர்க்கக் கொடுத்தபோது, விசாவுக்கு இப்படி ஒரு ஆவணம் தன்னிடம் வந்ததே இல்லை என்றார் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலத்தில் இல்லாத எதையும் மொழிபெயர்ப்போடுதான் கொடுக்க வேண்டும். எங்கள் சமூகத்தில் அந்தப் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் வருவதற்கு என்ன பொருள் என்று கடிதத்தில் ஒரு பந்தி எழுதினேன். மாமாவின் கிளினிக் கொப்பியில் நான் கையெழுத்து வைத்த பக்கங்களையும் சேர்த்தேன். படங்களை மிகக் குறைவாகத்தான் கொடுத்தேன். நிலாவெளிக் கடற்கரையில் கட்டிப்பிடித்து எடுத்த படம், நிலாவெளிக்குப் போனோம் என்பதைத்தான் காட்டும். பலர் ஒரு அல்பம் முழுவதையும் ஏற்றிவிட்டு, சாதாரண நாட்களைக் காட்டும் தாளைத் தேடுவதில்லை.

இவ்வளவு தூரம் உறவைப் பற்றி எழுதினாலும், உண்மையான மலை அதுவல்ல. காசுதான். நாங்கள் யோசிக்கத் தொடங்கியபோது ஸ்பொன்சர் பண்ணுபவரின் ஆண்டு வருமானம் 18,600 பவுண் இருந்தால் போதும். 2024 ஏப்ரல் 11இல் இருந்து அது 29,000. ஸ்பொன்சர் ஊனமுற்றோருக்கான கொடுப்பனவோ பராமரிப்பாளர் கொடுப்பனவோ பெறுபவரானால் இந்தக் கணக்கு வேறு. புதிதாக விண்ணப்பிக்கும் மற்றவர்களுக்கு இதே 29,000தான். இங்கே நான் உழைக்கும் சம்பளத்தை அவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை.

இருவருமே வெளிநாட்டில் இருந்துகொண்டு விண்ணப்பிப்பதென்றால் இன்னும் இறுகுகிறது. சம்பளத்தைக் காட்டுவதானால், இவர் இங்கேயே அந்த அளவு உழைக்க வேண்டும், அதோடு திரும்பிப் போய் மூன்று மாதத்துக்குள் தொடங்கும், அதே அளவு சம்பளமுள்ள வேலைக்கான கடிதமும் அங்கிருந்து வேண்டும். 29,000 பவுண் எங்கள் காசில் வருடம் ஒரு கோடிக்கு மேல். திருகோணமலையில் இருந்துகொண்டு அதை உழைக்கும் ஒருவர், லண்டனுக்கு ஏன் போகப்போகிறார்? மற்றது சேமிப்பு. வேறு வருமானம் இல்லாவிட்டால் 88,500 பவுண், ஆறு மாதமாகக் கையில் இருந்ததாக இருக்க வேண்டும். மூன்றரைக் கோடி ரூபாய் அளவு. மாமாவின் காணி இன்னும் சகோதரங்களுக்குள் பங்கு பிரியவில்லை, அதைப் பற்றி வாய் திறக்கவும் எனக்கு மனமில்லை.

ஆகவே இவர் முன்னதாகப் போனார். அங்கே ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வையாளர் வேலை. ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் வேலை செய்து, அந்த ஆறு மாதச் சம்பளத் துண்டுகள், அதே சம்பளம் விழுந்ததைக் காட்டும் வங்கிக் கூற்று, முதலாளியின் கடிதம் மூன்றும் இருந்தால் போதும். கடைசித் தாளின் திகதிக்கும் விண்ணப்பிக்கும் நாளுக்கும் இடையில் 28 நாளுக்கு மேல் போகக்கூடாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டும் விசாவுக்காகப் பிரிந்து வாழ வேண்டியிருக்கிறது என்று இவர் போனில் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த 2024 மாற்றம் வராமல் இருந்திருந்தால் இந்தப் பிரிவு எங்களுக்கு இன்னும் பெரிய தலையிடியாக இருந்திருக்கும்.

இடையில் ஒரு ஏஜென்சிக்கும் போனேன். பெயர் வேண்டாம். கோயிலில் ஒரு மாலை மாற்றி, கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு கட்டிப் படம் எடுத்தால் கலியாணம் முடித்தவர்கள் என்றே போட்டுவிடலாம் என்றார்கள். வழக்கு நடக்கும்போது இப்படிச் செய்தால் விசாவும் போய், இங்கே நீதிமன்றத்திலும் நான்தான் குற்றவாளியாக நிற்பேன். பொய் பிடிபட்டால் அந்த மறுப்பு அடுத்த விண்ணப்பங்களிலும் கூடவே வரும். எழும்பி வந்துவிட்டேன். ஆலோசனைக் கட்டணம் மட்டும் வாங்கிவிட்டார்கள்.

மிச்சம் சில்லறை வேலைகள். ஏ1 என்ற தொடக்க மட்டத்தில் ஆங்கிலப் பேச்சும் கேட்டலும் உள்ள பரீட்சை. தங்குமிடத்துக்கு அக்கா தன் வீட்டில் ஒரு அறை என்று கடிதம் தந்தார். இலங்கையில் இருந்து போகிறவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம், அதற்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும். இரவு ரயிலில் ஏறினால் விடியக் கோட்டையில் இறங்கலாம், விடுதிச் செலவு மிச்சம். அந்தச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும், அதனால் முந்திக்கொண்டு எடுத்துவிடாதீர்கள். விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரலில் 1,938 பவுண் ஆனது. அதோடு சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 1,035 வீதம் 3,105. இரண்டும் சேர்ந்து எங்கள் காசில் இருபது இலட்சத்தைத் தாண்டியது. கிடைப்பது 33 மாத விசா, அது முடிய இன்னொரு 30 மாதத்துக்குத் திரும்பவும் விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும்.

கைரேகை கொடுத்து வந்தாயிற்று. அடுத்த வழக்குத் தவணை செப்டெம்பரில். விசா முதலில் வந்துவிட்டால் வழக்கை என்ன செய்வது என்று சட்டத்தரணியிடம் கேட்டேன். சாட்சி சொல்ல நான் நேரில் வரவேண்டி இருக்கலாம் என்றார். போய்வரும் டிக்கெட் காசையும் இவர் இப்போதே ஒதுக்கத் தொடங்கிவிட்டார்.