ஃபெரைட் நுண்ணலை உறிஞ்சிகள்: ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வுக்கு முன் தெளிய வேண்டியவை

முதுநிலை இயற்பியலில் இரும்பு ஆக்சைடு சார்ந்த காந்தப் பொருளான ஃபெரைட்டை ஆய்வுக்கு எடுப்பவர்கள் பெரும்பாலும் தயாரிப்பிலேயே காலத்தைச் செலவிட்டுவிட்டு, வாய்மொழித் தேர்வில் அளவீட்டைப் பற்றிய கேள்விகளுக்குத் தடுமாறுகிறார்கள். பேரியம் ஹெக்சாஃபெரைட்டில் ஆய்வேடு எழுதித் தேறியவன் என்ற முறையில், என்னிடம் துருவிக் கேட்கப்பட்டவற்றை இங்கே தருகிறேன்.

இப்பொருளின் காந்தத் திருப்புத்திறன் படிகத்தின் சி அச்சை விட்டு எளிதில் விலகாததால், அதன் இயல்பான ஒத்ததிர்வு ஏறத்தாழ 47 கிகாஹெர்ட்ஸில் அமைகிறது. அதை 8 முதல் 12 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள எக்ஸ் பட்டைக்கு இறக்கவே இரும்பில் ஒரு பகுதிக்கு மாற்றாகக் கோபால்ட்டையும் டைட்டானியத்தையும் சேர்க்கிறோம். ஏன் இரண்டும் சேர்ந்தே வர வேண்டும் என்று கேட்பார்கள்: +3 மின்னூட்டமுள்ள இரண்டு இரும்பு அயனிகளின் இடத்தில் ஒரு +2 கோபால்ட்டும் ஒரு +4 டைட்டானியமும் அமர்ந்தால்தான் மின்னூட்டம் சமன்படும்.

தயாரிப்புக்கு, கரைசலைக் கூழாக்கிச் சுட்டெடுக்கும் சொல்-ஜெல் (sol-gel) முறை போதுமானது; எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படத்தில் மாசாக எஞ்சும் இரும்பு ஆக்சைடான ஹேமடைட்டின் கோடுகள் இல்லை என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உண்மையான சோதனை, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு அலை திரும்புகிறது என்பதைக் காட்டும் எதிரொளிப்பு இழப்பு வரைபடத்தில்தான் இருக்கிறது. உலோகத் தகட்டின் மேல் பூசிய அடுக்கு −10 டெசிபெல் காட்டினால் 90 விழுக்காடும், −20 காட்டினால் 99 விழுக்காடும் உறிஞ்சப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வரைபடத்தின் கோடு ஆழமாக இறங்கும் அந்தப் பள்ளம் காந்த ஒத்ததிர்வால் வந்ததா, தடிமனால் வந்ததா? அடுக்கின் தடிமன் பொருளுக்குள்ளான கால் அலைநீளத்துக்குச் சமமானால், முகப்பில் எதிரொளித்த அலையும் உலோகத்தில் பட்டுத் திரும்பிய அலையும் எதிரெதிர்க் கட்டத்தில் சந்தித்து ஒன்றையொன்று அழிக்கும். ஒளிவிலகல் எண் 3 எனில், 10 கிகாஹெர்ட்ஸுக்கு அந்தத் தடிமன் 2.5 மில்லிமீட்டர், அதை 3 மில்லிமீட்டராக்கினால் பள்ளம் ஏறக்குறைய 8.3 கிகாஹெர்ட்ஸுக்கு நகரும். காந்தப் புலத்துக்குப் பொருள் காட்டும் துலங்கலான உட்புகுதிறனில், இழப்பைக் குறிக்கும் கற்பனைப் பகுதியில் தோன்றும் ஒத்ததிர்வு முகடோ தடிமனைப் பொருட்படுத்தாது. எதிரொளிப்பு இழப்பு, உட்புகுதிறன் ஆகிய இரு வரைபடங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் காட்டுங்கள். பொருளில் இழப்பே இல்லையெனில் உலோகம் முழு ஆற்றலையும் திருப்பி அனுப்பிவிடும் என்பதால், குறுக்கீடு மட்டுமே விடையாகாது என்பதையும் சொல்லத் தெரிய வேண்டும். நல்ல தேர்வாளர் எதிர்பார்ப்பது இந்த இரண்டாம் பாதியைத்தான்.

ஒரே அச்சில் ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இரு கடத்திகளாலான ஓரச்சுக் குழாயில் அளப்பவர்கள் 7 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட வளையத்தை இடைவெளியின்றிப் பொருத்த வேண்டும். காற்றிடைவெளி இருந்தால், மின்புலத்துக்குப் பொருள் காட்டும் துலங்கலான விடுதிறன் குறைவாகத் தெரியும். இழப்புக் குறைந்த மாதிரியின் நீளம் அரை அலைநீளத்தை எட்டும் அதிர்வெண்களில் அளந்த எதிரொளிப்பிலிருந்தும் ஊடுகடத்தலிலிருந்தும் இவ்விரு திறன்களையும் பெறும் நிக்கல்சன்-ராஸ்-வெயர் கணக்கீடு பொய்யான கூர்முனைகளைத் தரும். ஆகவே நீளம் குறைந்த இன்னொரு வளையத்தையும் அளந்து, அதிலும் அதே இடத்தில் நிற்கும் முகட்டை மட்டுமே ஒத்ததிர்வு என்று எழுதுங்கள்.